சூடம் தாங்குற படகு

இல்லம்மா, அந்த வெள்ளிக் கலரு வேண்டாம். உள்ள தூக்கி வச்சிருங்க. படகக் குத்தம் சொல்லல, அது நல்லாத்தான் இருக்கு. நான் பட்டாசுக் கம்பெனியில வெள்ளிப் பவுடரு போட்டு மருந்து கலக்குற வேலையில இருந்தவன். வேலை விட்டு வந்து எம்புட்டுத் தேச்சுக் குளிச்சாலும் நகக்கண்ணுல மின்னிக்கிட்டுத்தான் கெடக்கும். சோத்தப் பெசையுற கையி மின்னுனா எப்படி எறங்கும், சொல்லுங்க. அதுலருந்து அந்தக் கலரு எனக்கு ஆகாது. அங்கன பச்சைல ஒண்ணு சுருட்டி வச்சிருக்கீகள்ல, அத விரிங்க.

நீங்க ரத்தினசாமி ஐயா மருமகதான? போர்டுல அனுப்பிரியான்னு போட்டிருக்கப்பவே நெனச்சேன். இது அவரு மொளகா வத்தல் குடோனா இருந்தப்ப நான் இங்கன மூட்டை எறக்கியிருக்கேன், பட்டாசு வேலைக்குப் போறதுக்கு முந்தி. இன்னும் நெடி போகல பாத்தீகளா, படியேறுனதுமே தும்மல் வந்துருச்சு. வத்தல் குடோன்ல ஒருநா காத்தடைக்கிற படகு விப்பாகன்னு யாரு கண்டா. எங்க அக்கா மகன்தான் போன்ல காட்டுனான். நீங்களும் உங்க வீட்டுக்காரரும் தூத்துக்குடிப் பக்கம் கடல்ல இதுல உக்காந்து துடுப்பு போட்டுக்கிட்டுப் போறீக. சிரிப்பும் பேச்சுமா. என்னத்துக்கு இவுகளுக்கு இந்த வேலைன்னு அன்னைக்கு நெனச்சேன். இன்னைக்கு உங்க கடையிலயே வந்து நிக்கேன்.

எம் பேரு சங்கிலிமுத்தும்மா, ஊரு வெம்பக்கோட்டை.

பரிசு குடுக்கல்லாம் இல்ல. எனக்கும் எங்க வீட்டுக்காரி பொன்மணிக்கும்தான். டேம்ல போறதுக்கு. சிரிப்பு வருதா? சிரிங்க, தப்பில்ல. இந்த வயசுல புருசனும் பொண்டாட்டியும் படகு விடப் போறாகன்னு வேற எவனாச்சும் சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்.

எனக்கு நீச்சல் தெரியும். கெணத்துல பளகுனது. அவளுக்குத் தெரியாது. நீச்சல் தெரியாதவதான் தெனமும் உச்சிப்பொளுதுல டேம் தண்ணிக்குள்ள எறங்கிப் போறா. நான் பின்னாலயே ஓடி, கையப் புடிச்சு இளுத்துட்டு வாரேன். என்னைக்காச்சும் நான் கொஞ்சம் பிந்திட்டேன்னா அம்புட்டுத்தான், அவ இல்ல. அதுக்குத்தாம்மா படகு. இப்பக்கூட பக்கத்து வீட்டு மாரிசெல்வியக் காவலுக்கு வச்சிட்டுத்தான் வந்திருக்கேன். உச்சிக்குள்ள ஊரு போயிச் சேரணும்.

இருங்க, வெவரமா சொல்லுதேன். மொதல்ல இதப் பாத்துருவோம். கையும் கண்ணும் ஒரு வேலையில இருந்தாத்தான் எனக்குப் பேச்சு வரும்.

இது என்ன, முளுக்க ரப்பரா? பிவிசியா. லாரியில தார்ப்பாய் போடுவாகளே, அதுமாதிரி கனமாத்தான் இருக்கு. அந்தா அதுல மேல துணி, உள்ள ரப்பருன்னு இருக்கே, அது எப்படி? துணி நனைஞ்சா காய நேரமாகுமா. அப்ப அது வேண்டாம். நைலான் துணின்னா எங்களுக்கு எப்பவுமே ஒவ்வாது, கம்பெனிக்குள்ள பருத்தி தவிர வேற உடுத்த விடமாட்டாக. உரசுனா பொறி வந்துரும்னு. தண்ணிக்குள்ள என்ன பொறி வரப்போகுதுங்கீக, வாஸ்தவம்தான். பளகுன புத்தி.

இங்கன பாருங்கம்மா, எனக்கு முக்கியமாத் தெரியவேண்டியது இதுதான். சீமைக்கருவேல முள்ளுக்குத் தாங்குமா? சிரிக்காதீக. உங்க கடல்ல முள்ளு கெடையாது. எங்க டேம்ல தண்ணி இல்லாத காலத்துல தரையெல்லாம் கருவேலம் மொளச்சிரும். மளை பெஞ்சு தண்ணி ஏறுனா அம்புட்டும் உள்ள முங்கிக் கெடக்கும். மேல பாத்தா கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில முள்ளு. பொன்மணி காலப் பாத்தீகன்னா தெரியும், கீறல் இல்லாத எடம் கெடையாது.

ஓ, காத்து ஒரே பையில இல்லியா? தனித்தனி அறையா? எடதுல ஒண்ணு, வலதுல ஒண்ணு, தரைக்கு ஒண்ணு. ஒண்ணு ஓட்டையானாலும் மத்தது தூக்கிப் பிடிச்சுக்கிடும். இது புடிச்சிருக்கும்மா. எங்க ஷெட்டும் இப்படித்தான், ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பாக. ஒண்ணு போனா பக்கத்துல உள்ளது தப்பிச்சுக்கிடும். உள்ள இருக்கவுக தப்பிக்கிறது வேற விசயம்.

அடியில மீனு வாலு மாதிரி ஒண்ணு மாட்டியிருக்கே, என்னத்துக்கு? நேராப் போகவா. இல்லாட்டி துடுப்பு போடப் போட சுத்திக்கிட்டே நிக்கும், அப்படியா. கட்டை தட்டுற எடத்துல களட்டிக்கிடலாம்ல? நல்லது.

காத்து அடைச்சுக் காட்டுதீகளா? சரி, கையால அடிக்கிற பம்புலயே அடிங்க. கரண்டு பம்பு வேண்டாம், அது போடுற எரைச்சல் அவளுக்கு ஆகாது. நானே அடிக்கேன், விடுங்க. எதுவரைக்கும்? இந்த மீட்டரு முள்ளு செவப்பத் தொடுறதுக்கு முந்தி நிறுத்திரணுமா. மேல போனா? தப்பா எடுத்துக்கிடாதீக, எதையாச்சும் இறுக்கி அடைக்கிறதப் பாத்தா எங்க ஆளுகளுக்கு வார மொதக் கேள்வி அதுதான். வெடிக்குமா? தையல் விட்டுப் புஸ்ஸுன்னு எறங்கும், அம்புட்டுத்தானா. படார்னு சத்தம் வராதுல்ல? ஏன்னா அவ பக்கத்துல இருக்கையில சத்தம் வரக்கூடாது. குக்கரு விசில் போட்டாலே வெளிய ஓடிருதா. குக்கரத் தூக்கிப் பரண்ல போட்டாச்சு, பானையிலதான் சோறு.

வெயில்ல போட்டா உள்ள காத்து விரியும், தெரியும்மா. நீங்க சொல்லவே வேண்டாம். வெயிலு ஏறிருச்சுன்னா நாங்க வெடிமருந்துலயே கை வைக்க மாட்டோம், காலையிலயே கலவைய முடிச்சிருவோம். ஆனா நாங்க போறதே உச்சி வெயில்லதான். கொஞ்சம் கொறச்சு அடைச்சுக்கிட்டாப் போதுமா? தண்ணியில எறங்குனா குளுந்துரும். சரி, அப்படியே செய்யுதேன்.

இன்னொண்ணு கேக்கணும். கோவிச்சுக்கிடக் கூடாது. இதுல நெருப்பு பட்டா என்ன ஆகும்?

பீடி இல்லம்மா. பட்டாசுக் கம்பெனிக்காரன் பீடி குடிச்சா வெளங்குமா. சூடம். ஒரு கட்டிச் சூடம். ஆமா, படகுல வச்சுத்தான் ஏத்தணும், தண்ணிக்கு நடுவுல.

அப்படிப் பாக்காதீக. புத்தி பெசகி வந்தவன் இல்ல நான். சொல்லுதேன், கேளுங்க.

எங்களுக்கு ஒரே மக. இசைவாணி. நான் வேலை பாத்த அதே கம்பெனியிலதான் அவளும் இருந்தா. நான் மருந்துக் கலவை, அவ பேன்சிப் பட்டாசுக்கு மருந்து செலுத்துற ஷெட்டு. அந்த ஷெட்டுக்குப் பின்னால வேலி, வேலியத் தொட்டுக்கிட்டு டேம் தண்ணி. சாப்பாட்டு நேரத்துல வேலியோரம் உக்காந்து கையக் களுவிட்டு, தண்ணியத் தட்டிக்கிட்டு இருப்பா. போன மாசியில அந்த ஷெட்டு போயிருச்சு. நான் அன்னைக்கு ஒரு விசேசத்துக்குக் காரியாபட்டி போயிருந்தேன். பந்தியில உக்காந்திருக்கையில போன் வந்துச்சு. ஷெட்டோட கூரத் தகரமெல்லாம் தண்ணிக்குள்ள போயி விளுந்து கெடந்துச்சுன்னு பெறகு சொன்னாக.

ஆசுபத்திரியில கெடச்சத வெள்ளத் துணியில வச்சுத் தச்சுக் குடுத்தாக. தொறக்கக் கூடாதுன்னுட்டாக. வேன்ல பொன்மணி அத மடியில வச்சுக்கிட்டு வந்தா. அளுகல. பாதி வளியில எம்பக்கம் திரும்பி, இம்புட்டுத்தானா, மீதிப் புள்ள எங்கனன்னு கேட்டா. ரோட்டப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

தண்ணியெல்லாம் வேண்டாம். இருக்கட்டும். சரி, குடுங்க.

உங்க வீட்டுல கன்னி வச்சுக் கும்பிடுவீகளா? தெரியாதா. எங்கள்ல கல்யாணம் ஆகாத பொம்பளப் புள்ள போயிட்டா, அது வீட்டுக் கன்னி. உசுரு போன எடத்துக்குப் பெத்தவுக போயி, சூடம் ஏத்தி, பேரச் சொல்லிக் கூப்பிடணும். வெளிச்சத்தப் பாத்து அவ வருவா. செம்புல தண்ணிய வச்சு அதுல அவள அமத்தி வீட்டுக்குக் கொண்டாந்துருவோம். ஒரு ஓலப்பொட்டி வாங்கி, அதுல பாவாட தாவணி, வளவியெல்லாம் வச்சுட்டா, பெறகு அவ வீட்டோட இருந்துக்கிடுவா. வருசா வருசம் புதுத்துணி மாத்துவோம். ஆனா வருசம் திரும்புறதுக்குள்ள கூட்டியாந்துரணும். பிந்திருச்சுன்னா புள்ளைக்கு வீடு மறந்துரும்பாக.

போனோம்மா. போகாம இருப்போமா. முப்பதாம் நாள் காரியம் களிஞ்சதும் நானும் அவளும் செம்பத் தூக்கிக்கிட்டுப் போனோம். கம்பெனிய மூடியாச்சு, வாச்மேன் தெரிஞ்ச மனுசன், தொறந்து விட்டாரு. கேட்டுக்குள்ள நொளையையில நாங்க என்ன செஞ்சோம் தெரியுமா? மடியில இருந்த தீப்பெட்டிய எடுத்து, கேட்டோரத்துல ஒரு கல்லு கெடக்கும், அதுமேல வச்சேன் நான். அவ சூடத்த வச்சா. யாரும் வைக்கச் சொல்லல. இத்தன வருசமா அந்தக் கேட்டுல மடியத் தடவிப் பாத்துத்தான் எங்கள உள்ள விட்டிருக்காக. கை அதுபாட்டுக்குச் செஞ்சுருச்சு. செருப்பையும் அங்கனயே விட்டுட்டுத்தான் நடந்தோம்.

ஷெட்டு கெடந்த எடத்துக்குப் போயி நின்ன பெறகுதான் சூடம் எங்கன்னு தேடுதோம். திரும்பப் போயி எடுத்துட்டு வந்திருக்கலாம், நாலு எட்டுதான். ரெண்டு பேருக்கும் காலு வரல. அங்கன போயித் தீக்குச்சி உரசுறதா? ஒரு துளி மருந்து மிச்சம் இல்லம்மா, மண்ணு கருகிப் போயிக் கெடக்கு, செவுரு கூட இல்ல. எரிய வேண்டியதெல்லாம் எரிஞ்சு முடிஞ்சு போச்சு. ஆனாலும் உரசக் கூடாதுன்னுதான் தோணுச்சு. நெருப்பு புடிச்சிருமேன்னு பயந்தோம். பெத்த புள்ளைய வாரிட்டுப் போன எடத்துல நின்னுக்கிட்டு, இனிமே யாரக் காப்பாத்த அப்படிப் பயந்தோம்னு இப்ப வரைக்கும் எனக்கு வெளங்கல. வெறும் பூவப் போட்டு, வாயால பேர மட்டும் சொல்லிக் கூப்பிட்டுட்டு வந்துட்டோம்.

வீட்டுல செம்ப எறக்கி வச்சதும் பொன்மணி அதுக்குள்ள எட்டிப் பாத்தா. வரலன்னா. அம்புட்டுத்தான் சொன்னா, முந்தானைய விரிச்சுப் படுத்துட்டா.

மறுநா உச்சிக்குத்தான் மொதத்தடவ தண்ணிக்குள்ள எறங்குனா. ஆடு மேய்க்கிற ஆளு பாத்துட்டுக் கூப்பாடு போட்டதுனால தப்பிச்சா. எதுக்கு எறங்குனன்னு கேட்டா, மக கூப்பிடுதா, காது கேக்கலியா உங்களுக்குங்கா. நடுத்தண்ணியில இருந்து அம்மா அம்மான்னு சத்தம் கேக்குதாம். சாப்பாட்டு நேரத்துலதான் கேக்குமாம். வெயில் காலத்துல தண்ணி வத்திச் சகதியாக் கெடந்தப்பயும் போனா, முளங்காலு வரைக்கும் புதைஞ்சுக்கிட்டு நின்னா. ஐப்பசி கார்த்திகையில பெஞ்ச மளைக்கு டேம் இப்பவும் ரொம்பிக் கெடக்கு. இதுதான் பயமா இருக்கு.

குறி சொல்லுற கோடாங்கிகிட்டயும் போனோம். அவரு உடுக்கைய அடிச்சுட்டு மொதக் கேள்வியே அதுதான் கேட்டாரு. வெளிச்சம் காட்டாமக் கூப்பிட்டா புள்ள எப்படி வளி கண்டு வருவா? புள்ள கரைய விட்டு விலகி நடுத்தண்ணிக்குப் போயிருச்சு, சத்தம் கேக்குற எடத்துக்கே போயிச் சூடத்த ஏத்துங்கன்னுட்டாரு. வார வெள்ளிக்கெளமையோட வருசம் திரும்புது.

பரிசலா? அதக் கேக்காம இருப்பேனா. மீன் குத்தகை எடுத்திருக்க முத்துக்கிருஷ்ணன்கிட்ட இருக்கு. நல்ல மனுசன், இசைவாணிக்கு மாமன் மொறை. விசயத்தச் சொன்னதும் எந்திரிச்சு நின்னுட்டாரு. மச்சான், வேற என்ன வேணும்னாலும் கேளுங்க, பரிசல மட்டும் கேக்காதீக, நாளைக்கு அதுல நான் தனியாப் போகணும்ல அப்படின்னாரு. நாயம்தான. அவரச் சொல்லிக் குத்தமில்ல. அதுக்குப் பெறகுதான் அக்கா மகன் உங்க வீடியோவக் காட்டுனான். சுருட்டிப் பையில போட்டு டிவிஎஸ்ல வச்சுக் கொண்டு போயிரலாம், யாருக்கும் தெரியாதுன்னான்.

நானா? நான் நம்பலம்மா. நேராவே சொல்லிருதேன். எதோட எது சேந்தா என்ன ஆகும்னு தெரிஞ்சு பொளச்சவன் நானு. வெடிச்சா வெடிச்சதுதான், போனவ போயிட்டா. மேக்க இருந்து காத்து தண்ணிய உரசிக்கிட்டு வரையில ஊன்னு ஒரு சத்தம் வரும், கரையோரக் கருவேலத்துக்குள்ள நொளைஞ்சு வந்தா ஆளு கூப்பிடுத மாதிரியே இருக்கும். அது அவளுக்கு மக சத்தமாத் தெரியுது. நடுவுல கொண்டு போயி வச்சு, பாருடி, தண்ணிதான இருக்குன்னு காட்டிட்டா அவளுக்கே வெளங்கிரும். சூடத்த ஏத்தி, செம்புல மோந்து கொண்டாந்து வச்சுட்டா மனசும் ஆறிரும். எனக்கு அது போதும். மகளத்தான் வச்சுக்கிட முடியல, பொண்டாட்டியவாச்சும் மிச்சம் வச்சுக்கிடணும்லம்மா. அவளும் போயிட்டா அந்த வீட்டுல நான் என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க.

நீங்க அளுகாதீக. வியாபாரம் செய்யுற எடத்துல வந்து உங்கள அளுக வச்சுட்டேன் பாருங்க.

ஆமா, அதுவும் யோசிச்சேன். மண் சட்டியில மணலப் பரப்பி, அதுமேல சூடத்த வைக்கணும். மடியில வச்சுப் புடிச்சுக்கிட்டா படகுல சூடு எறங்காது. மணல் வாளி இல்லாம நாங்க என்னைக்கு இருந்தோம், அது எனக்குக் கைவந்த வேலை. தப்பித் தவறிப் பொறி விளுந்தாலும் ஒட்டுப் போடப் பசையும் துண்டும் பையிலயே இருக்குங்கீக. போதும். பச்சையவே எடுத்துக்கிடுதேன்.

லைப் ஜாக்கெட்டும் வைங்க. அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. எனக்கு நீச்சல் தெரிஞ்சாலும் போடணுமா. சரி, போட்டுக்கிடுதேன். அவ சேலை மேலயே மாட்டிரலாம்ல? முன்னால அவ உக்காரட்டும், பின்னால இருந்து நான் துடுப்பு போடுதேன். எங் கண்ணு முன்னாலயே இருப்பா. முன்னால உள்ளவுக அசைஞ்சா படகு சாயுமா? சாயாதா. தட்டையா அகலமா இருக்கதுனால. சரிம்மா.

அப்ப சுருட்டிக் கட்டிருங்க. பில்லப் போடுங்க.

கொஞ்சம் இருங்கம்மா. இதுல ரெண்டு சீட்டுதான இருக்கு. இதே கலருல, இதே ரகத்துல மூணு சீட்டு போட்டது வருமா?

இல்ல, கோடாங்கி வரல. அவருக்குத் தண்ணின்னாலே பயம். அக்கா மகனும் இல்ல. வேற யாரும் இல்லம்மா.

இல்ல, அது என்னன்னா. நேத்து அவள இளுத்துட்டு வர நெஞ்சளவு தண்ணிக்குப் போயிட்டேன். நேத்துப் பூரா காத்தே இல்ல, உங்களுக்கு இங்கனயும் புளுக்கமாத்தான் இருந்திருக்கும். ஒரு எல அசையல. தண்ணி தைலம் மாதிரிக் கெடக்கு. அவ கையப் புடிச்சுத் திரும்புதேன், கேட்டுச்சு. அம்மான்னுதான் கூப்பிடுதான்னு பொன்மணி எப்பவும் சொல்லுவா. எனக்குக் கேட்டது அது இல்ல. அப்பான்னு கேட்டுச்சு. அந்தா அந்தச் செவுரு தூரம்தான் இருக்கும். பொன்மணிகிட்ட நான் மூச்சு விடல. அவள நிறுத்துறதுக்கு நான் இருக்கேன், எனக்கும் கேட்டுருச்சுன்னு தெரிஞ்சா எங்கள நிறுத்துறதுக்கு யாரு இருக்கா.

ஆமா, அந்த நீளமானதுதான். கனமா இருந்தா இருக்கட்டும், நான் தூக்கிக்கிடுவேன். அதையே கட்டுங்க. ஜாக்கெட்டு ரெண்டு போதும்மா. போகையில நாங்க ரெண்டு பேருதான். திரும்பி வரையிலதான் மூணு பேரு.